நம் தெம்பனிஸ் நடுவம்: ஒரே கூரையின்கீழ் பல அமைப்புகள்

தெம்பனிஸ் வாக் சாலையில் இருக்கும் நம் தெம்பனிஸ் நடுவத்தை நீச்சல்குளமாகவோ நூலகமாகவோ கடைத்தொகுதியாகவோ தனித்தனியே மதிப்பிட்டால், ஒவ்வொன்றிலும் அதைவிடச் சிறந்த ஓரிடத்தைச் சிங்கப்பூரில் எளிதாகக் காட்டிவிடலாம். தெம்பனிஸ் பெருவிரைவு ரயில் நிலையத்தை ஒட்டிய மூன்று கடைத்தொகுதிகளில் கடைகள் அதிகம். விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகக் கட்டடத்தில் தமிழ் நூல்கள் அதிகம். காலாங்கிலுள்ள தேசிய விளையாட்டரங்கம் இதைப்போலப் பல மடங்கு பெரியது. எனவே இந்த நடுவத்தைப் பற்றி எழுதத்தக்கது இவற்றுள் எதுவுமன்று. வழக்கமாகத் தத்தம் கட்டடத்தில், தத்தம் கணக்கில், தத்தம் அதிகார எல்லைக்குள் இயங்கும் பல பொது அமைப்புகள் ஒரு குடியிருப்பு வட்டாரத்தின் நடுவே ஒன்றுகூடித் தரும் சேவை எப்படி இருக்கிறது என்பதையே இங்கு மதிப்பிட வேண்டும். உலகின் பல பெருநகரங்களில் நகரமும் புறநகரும் ஒத்துழைப்பதற்கு வாக்காளர்களின் ஒப்புதலைப் பெற முடியாமல் பல்லாண்டுகள் கழிந்திருக்கின்றன. அந்த ஒத்துழைப்பு இங்கே எந்த விலையில் கிடைத்தது என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்கிறேன்.

பழைய தெம்பனிஸ் விளையாட்டரங்கமும் விளையாட்டு மண்டபமும் இருந்த நிலத்தில், ஏறத்தாழ 5.7 ஹெக்டர் பரப்பில், சுமார் 500 மில்லியன் வெள்ளி செலவில் எழுந்த நடுவம் இது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் 2017 ஆகஸ்ட் 6ஆம் தேதி இதை அதிகாரபூர்வமாகத் திறந்துவைத்தார். அரசு சார்ந்த சமூக அமைப்பான மக்கள் கழகம் முன்னின்று நடத்த, 12க்கும் மேற்பட்ட அமைப்புகள் இதில் பங்குகொண்டன. ஏறத்தாழ 5,000 இருக்கைகள் கொண்ட காற்பந்துத் திடல், நீச்சல்குளங்கள், உள்ளரங்கு மண்டபங்கள், வட்டார நூலகம், உணவங்காடி நிலையம், பேரங்காடி, திரையரங்கு, கலையரங்கு, அரசாங்கச் சேவை முகப்பு என அனைத்தும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. திட்டமிடும் காலத்தில் 15,000க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்களின் கருத்துகள் திரட்டப்பட்டன. இந்தக் கடைசிச் செய்திக்குப் பிறகு திரும்பி வருவேன். இந்த நடுவத்தின் பெருமையும் அதன் எல்லையும் அதில்தான் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

முதலில் சேவை முகப்பு. வீட்டைப் பற்றிக் கேட்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கிளை, ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றிக் கேட்க மத்திய சேமநிதி அலுவலகம், வேலைக்கு வேறோர் இடம் என்று அலைந்து பழகிய ஒரு தலைமுறைக்கு, இவை பலவற்றுக்கும் ஒரே இடத்தில் அமர்ந்து பதில் பெறலாம் என்பது சிறிய செய்தியன்று. முகப்பில் இருக்கும் அதிகாரி ஒரே அமைப்பின் ஊழியரைப்போலப் பேசாமல், பல அமைப்புகளின் விதிமுறைகளைக் கற்றவராகப் பேசுகிறார். சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளச் செயலியில் தடுமாறும் மூத்தோர் அருகில் ஒருவர் நின்று, திரையைத் தாமே தட்டிவிடாமல், அவர்களையே தட்டச்செய்து சொல்லிக்கொடுக்கும் பொறுமையை அங்கே பார்க்கலாம். தமிழ்மட்டும் அறிந்த பாட்டி ஒருவர் வந்தால் உடனே தமிழில் பேச ஒருவர் இருப்பார் என்று உறுதிசொல்ல இயலாது. கூட்டிப்போகும் பேரப்பிள்ளைதான் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர். அறிவிப்புப் பலகைகளில் காட்டும் நான்மொழி அக்கறையைப் பேசும் மொழிக்கும் நீட்டித்தால் நன்றாக இருக்கும்.

எளிய வேலைகள் இம்முகப்பில் விரைவாக முடிகின்றன. சிக்கலான வழக்குகள், அதாவது இரண்டு அமைப்புகளின் விதிகள் ஒன்றோடொன்று மோதும் வழக்குகள், எந்த நாட்டுச் சேவை முகப்பிலும் முகப்பைத் தாண்டி உரிய அமைப்பின் மேசைக்குத்தான் போய்ச் சேரும், இங்கும் அப்படியே. முன்கூடம் ஒன்றாகிவிட்டது, பின்னறைகள் இன்னும் பல. இதைக் குறையாகச் சொல்வதைவிட, ஒருங்கிணைப்பு எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்பதற்கான அளவுகோலாகக் கொள்வது நியாயம்.

நூலகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் முதல் வட்டார நூலகம் தெம்பனிஸ் அவென்யூ 7இல் 1994ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நகரின் நடுவே ஒரு பெரிய நூலகம், ஏனைய இடங்களில் அதன் சிறு கிளைகள் என்ற ஏற்பாட்டை மாற்றி, குடியிருப்பு வட்டாரத்திலேயே பெரிய நூலகத்தை வைப்பது அப்போது புதிய சிந்தனை. 2017இல் அது இந்த நடுவத்திற்குள் இடம்பெயர்ந்து பல தளங்களில் விரிந்தது. திடலைப் பார்த்தபடி உட்கார்ந்து படிக்கும் இடங்கள் இருப்பதால், மாலையில் காற்பந்துப் பயிற்சி நடக்கும்போது படிக்கிறவர்களின் கண் அடிக்கடி புத்தகத்தைவிட்டு இறங்கிவிடுகிறது. அதைக் கெடுதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்திற்குப் போவதற்கு மின்தூக்கியையும் படிக்கட்டையும் தேட வேண்டியிருப்பது மட்டும் முதன்முறை வருவோருக்குச் சலிப்பூட்டும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்நூலகத்தின் பயன் அதன் சொந்த அலமாரியோடு முடிவதில்லை. தீவின் எந்த நூலகத்தில் இரவல் பெற்ற நூலையும் இங்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். வேறு கிளையில் இருக்கும் நூலைச் சிறு கட்டணத்திற்குப் பதிவுசெய்து இங்கே வரவழைத்துக்கொள்ளலாம். ஜூரோங்கில் வேலைபார்ப்பவர் மதிய இடைவேளையில் அங்கே எடுத்த நாவலைத் தெம்பனிசில் வீடுதிரும்பும் வழியில் போட்டுவிட்டுப் போகிறார். எந்த ஊர் வரிப்பணத்தில் வாங்கிய புத்தகம் எந்த ஊரில் கிடக்கிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நமக்கு இது காற்றைப்போல இயல்பாகிவிட்டதால் இதை ஒரு சாதனையாக நாம் கருதுவதேயில்லை.

இதைச் சாதனையாகக் கருத வைத்தவர் என் சித்தப்பா மகன். அமெரிக்காவின் அட்லாண்டா நகருக்கு வடகிழக்கே குவினெட் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு), தமிழர்கள் நிறைந்த ஒரு பகுதியில் வசிப்பவர். விடுமுறைக்கு வந்திருந்த அவரை நடுவத்தைச் சுற்றிக்காட்டியபோது, உணவங்காடியில் தேநீருக்கு வரிசையில் நின்றபடி, “அண்ணே, இதுக்கு எந்தக் கவுண்டி வரி கட்டிச்சு? எப்ப ஓட்டுக்கு விட்டாங்க?” என்று கேட்டார். ஓட்டுக்கு விடவில்லை என்றதும் அவர் நம்பவில்லை. அவருடைய ஊரின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் அந்த நம்பிக்கையின்மைக்குக் காரணம் விளங்கும்.

அட்லாண்டாவின் ரயில், பேருந்துச் சேவையை நடத்தும் மார்ட்டா அமைப்பு 1965இல் உருவாக்கப்பட்டபோதே கோப் கவுண்டி வாக்காளர்கள் அதில் சேர மறுத்துவிட்டனர். ரயிலுக்கான விற்பனை வரி 1971இல் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஃபுல்டனும் டிகால்பும் ஏற்றுக்கொண்டன. கிளேட்டனும் குவினெட்டும் மறுத்தன. குவினெட் 1990இல் மறுபடியும் மறுத்தது, 2019இல் மறுத்தது, 2020இல் மிகச் சிறிய வித்தியாசத்தில் மறுத்தது, 2024இல் பேருந்துகளை மையமாகக் கொண்ட வேறொரு திட்டத்தையும் மறுத்தது. கிளேட்டன் மட்டும் 2014இல் மனம்மாறிச் சேர்ந்துகொண்டது. இந்த மறுப்புகளுக்கு வரிச்சுமை ஒரு காரணம். நகரத்தின் கறுப்பினத்தவர் தங்கள் பகுதிக்கு எளிதில் வந்துவிடுவார்கள் என்ற அச்சம் தொடக்க காலத்தில் வெளிப்படையாகவே பேசப்பட்ட இன்னொரு காரணம். அரை நூற்றாண்டில் குவினெட்டின் மக்கள்தொகை முற்றிலும் மாறி, வெள்ளையர் அல்லாதோர் பெரும்பான்மையான பிறகும் மறுப்பு தொடர்கிறது என்பதால், இன அச்சம் மட்டுமே முழு விளக்கமாகிவிடாது. தம் வீட்டு வாசலுக்கு வராத ரயிலுக்குத் தாம் ஏன் வரி கட்ட வேண்டும் என்ற கேள்வி எந்த நிறத்தவருக்கும் எழக்கூடியதுதான்.

தெம்பனிஸ் நடுவம் திறக்கப்பட்ட அதே 2017இல் அட்லாண்டாவின் பிரேவ்ஸ் பேஸ்பால் அணியும் நகர மையத்தை அடுத்திருந்த தன் அரங்கைவிட்டுப் புறநகருக்குப் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்த இடம், மார்ட்டாவில் சேர மறுத்த அதே கோப் கவுண்டி. புதிய அரங்கின் கட்டுமானத்திற்குக் கவுண்டியின் பொதுப்பணம் பெருமளவில் தரப்பட்டது. ஆனால் அரங்கிற்கு ரயில் கிடையாது. நகரத்திலிருந்து ஓர் அணியை ஈர்த்துக்கொள்ளப் பணமிருக்கிறது, நகரத்தோடு இணைக்கும் தண்டவாளத்திற்கு ஒப்புதல் இல்லை. தெம்பனிசிலும் ஒரு புறநகர்த் திடல்தான் புதுப்பித்துக் கட்டப்பட்டது. அருகே கிழக்கு மேற்கு ரயில் பாதை முன்பிருந்தே இருந்தது, அதே 2017 அக்டோபரில் டௌன்டவுன் பாதையும் வந்து சேர்ந்தது. இரண்டு திடல்களுக்கும் இடையிலான வேறுபாடு கட்டடக் கலையில் இல்லை, பணப்பெட்டியில் இருக்கிறது. சிங்கப்பூரில் ஒரே கருவூலம். அட்லாண்டா வட்டாரத்தில் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு கருவூலம், ஒவ்வொன்றின் சாவியும் அந்தந்த வாக்காளர்களின் கையில்.

இதைவைத்துப் புறநகர் வாக்காளர் என்றாலே தன்னலக்காரர் என்று முடிவுகட்டுவது தவறு. மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ், செயின்ட் பால் வட்டாரத்திற்கு 1967இலேயே ஒரு பெருநகர மன்றம் அமைக்கப்பட்டது. 1971இல் அங்கே நிறைவேறிய ஒரு சட்டம், அதன்பிறகு ஒவ்வோர் ஊரிலும் வளரும் வணிக, தொழில் சொத்துகளின் வரி அடிப்படையில் 40 விழுக்காட்டைப் பொதுவில் சேர்த்து ஏழு கவுண்டிகளுக்கும் பங்கிட வழிசெய்தது. அதைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் நகரத்தவரல்லர். அனோகா என்ற புறநகர்ப் பகுதியைச் சேர்ந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் சார்ல்ஸ் வீவர். பெரிய கடைத்தொகுதிகளும் அலுவலகங்களும் தெற்கிலும் மேற்கிலும் உள்ள பணக்காரப் புறநகர்களுக்கே போய்க்கொண்டிருந்தபோது, வீடுகள் மட்டும் பெருகிவந்த எளிய புறநகர்கள் தமக்கும் மைய நகரத்திற்கும் ஒரே நோய் என்று கண்டுகொண்டன. ஆகவே புறநகர் என்று ஒரே குரல் கிடையாது. எந்தப் புறநகர், அதன் வரிவருவாய் எங்கிருந்து வருகிறது என்பதைக் கேட்ட பிறகே அது எந்தப் பக்கம் வாக்களிக்கும் என்று சொல்ல முடியும். அமெரிக்க நகர அரசியலைப் பேசுவோர் பலர் தவறவிடும் நுட்பம் இது.

லண்டனிலும் ஒரு பாடம் இருக்கிறது. 1981இல் பெருலண்டன் மன்றம் போக்குவரத்துக் கட்டணங்களைக் குறைத்து, அதற்கான செலவை எல்லாப் பகுதிகளின் உள்ளூர் வரியிலும் ஏற்றியது. சுரங்க ரயில் எட்டாத வெளிப்புறப் பகுதியான புரோம்லி நீதிமன்றம் சென்றது. மேலவை நீதிபதிகள்வரை போய் அந்தக் கட்டணக் குறைப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்பும் பெற்றது. அடுத்த ஆண்டு கட்டணம் ஏறத்தாழ இரு மடங்காயிற்று; 1986இல் அந்த மன்றமே கலைக்கப்பட்டது. புரோம்லி கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. இருப்பினும் புரோம்லியிலிருந்து தினமும் நகருக்குள் வேலைக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் வீட்டு வாசலில் வரி கட்டுவோராகவும் நகரத்தில் பயணிகளாகவும் இருவேறு மனிதர்களாக நடத்தப்பட்டனர்.

நம்மில் பலருக்குச் சொந்தபந்தம் உள்ள சென்னை வேறொரு வழியை எடுத்தது. 2011இல் சுற்றியிருந்த நகராட்சிகளையும் ஊராட்சிகளையும் மாநகராட்சியோடு சேர்த்து, 174 சதுரக் கிலோமீட்டராக இருந்த பரப்பை 426 ஆக்கினார்கள். அம்பத்தூர்க்காரரையோ ஆலந்தூர்க்காரரையோ தனியாக வாக்கெடுப்பில் கேட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. பிறகு 2019இல் ஆவடியும் 2021இல் தாம்பரமும் தனி மாநகராட்சிகளாயின. ஒன்றாக்குவதும் தனியாக்குவதும் கோட்டையிலிருந்தே வந்த முடிவுகள்.

சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் நகரத்திற்கும் புறத்திற்கும் கோடு இருந்தது என்பதைத் தெம்பனிஸ் நடுவத்தின் தேநீர்க்கடையில் உட்கார்ந்து நினைத்துப் பார்ப்பது சுவையானது. 1951இல் நகரத் தகுதி பெற்ற சிங்கப்பூருக்கு நகர மன்றம் இருந்தது. அதன் எல்லைக்கு வெளியே இருந்த கம்பங்களையும் தோட்டங்களையும் கிராமப்புற வாரியம் கவனித்தது. தெம்பனிஸ் அந்த இரண்டாம் உலகத்தைச் சேர்ந்தது; மணல் குழிகளும் தோட்டங்களும் கம்பங்களும் நிறைந்த கிழக்குப் புறம். 1957 டிசம்பரில் நகர மன்றத்திற்கு முழுத் தேர்தல் நடந்து, ஓங் எங் குவான் மேயரானபோது அந்தத் தேர்தல் நகர எல்லைக்குட்பட்டோருக்கானது. 1959இல் தன்னாட்சி வந்ததும் மன்றத்தின் பணிகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் என்ற பதவி அத்துடன் முடிந்தது. இன்றைக்குச் சமூக மேம்பாட்டு மன்றங்களுக்கு மேயர்கள் உண்டு, அவர்கள் நியமிக்கப்படுகிறவர்கள்.

அந்தக் கோடு அழிக்கப்பட்டதால்தான் 1991ஆம் ஆண்டின் கருத்துருத் திட்டம் என்ற நீண்டகால நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் தெம்பனிசை ஒரு வட்டார மையமாக்கி, நகர மையத்திலிருந்த அலுவலகங்களையும் கடைகளையும் கிழக்கே நகர்த்த முடிந்தது. நகர மையம் தன் வரிவருவாயை இழப்பதாக வழக்குப் போட அங்கே தனி மன்றம் இல்லை. வருகிற அலுவலகங்களுக்கு வரிச்சலுகையை வாரியிறைத்துப் பக்கத்து ஊரோடு போட்டியிடத் தெம்பனிசுக்கும் தனிக் கருவூலம் இல்லை. நடுவத்தின் பல அமைப்புகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்ததும் அதே நிலைமைதான். அதற்காக அது தானாக நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரே அரசாங்கத்தின் இரு வாரியங்கள் ஒரு கதவின் திறவுநேரத்தைப் பற்றி ஒத்துப்போவதற்குக்கூட எத்தனை கூட்டங்கள் தேவைப்படும் என்பதை அலுவலகம் போகும் எவரும் அறிவர். நீச்சல்குளத்தின் துப்புரவு யார் கணக்கு, பொதுநடைபாதையின் விளக்கு யார் கணக்கு, நூலக வாசலில் நடக்கும் நிகழ்ச்சியின் சத்தத்திற்கு யார் பொறுப்பு என்பவற்றை வருகையாளர் அறியாதபடி தீர்த்துவைத்திருப்பது மெச்சத்தக்கது.

அடுத்தது வாக்காளர். சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் வசிப்பதால், வேறு நாட்டில் புறநகர் வாக்காளர் என்று ஒரு பிரிவாகப் பேசப்படுவோர் இங்கே வாக்காளர்களில் பெரும்பான்மையோர். அவர்களுடைய வாக்கு உள்ளூர் நிர்வாகத்தைத் தொடும் இடம், 1959இல் முடிந்துபோன அந்தப் பழைய மன்றத்திலிருந்து வேறான, பேட்டை அளவிலான நகர மன்றம். 1988ஆம் ஆண்டின் நகர மன்றச் சட்டப்படி, தொகுதியில் வென்ற நாடாளுமன்ற உறுப்பினர்களே பேட்டையின் மின்தூக்கி, தாழ்வாரம், துப்புரவு, புளோக்கின் கீழ்த்தளம் ஆகியவற்றைப் பராமரிக்கும் மன்றத்தை நடத்துகிறார்கள். குடியிருப்பாளர் மாதந்தோறும் சேவை, பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறார். வாக்கைப் போடும்போது தம் வீட்டு மின்தூக்கியையும் எண்ணிப் போட வேண்டும் என்பதே அந்தச் சட்டத்தின் உட்பொருள்.

நடுவம் அந்த ஏற்பாட்டிற்கு வெளியே நிற்கிறது. அதை நடத்துவது மக்கள் கழகம்; தொகுதிகளில் அதன் அடித்தள அமைப்புகளுக்கு ஆலோசகர்கள் நியமிக்கப்படுகிறார்கள்; எதிர்க்கட்சி உறுப்பினர் வென்ற தொகுதிகளில் அந்தப் பொறுப்பு அவருக்குப் போவதில்லை. 2025 மே 3ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலில் தெம்பனிஸ் குழுத்தொகுதியில் (பல வேட்பாளர்கள் ஒரே அணியாகப் போட்டியிடும் தொகுதி) ஆளும் மக்கள் செயல் கட்சி 52.02 விழுக்காடும் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி 47.37 விழுக்காடும் பெற்றன. 2020இல் அதே குழுத்தொகுதியில் ஆளுங்கட்சியின் பங்கு 66.41 விழுக்காடாக இருந்தது. சில ஆயிரம் வாக்குகள் இடம்மாறியிருந்தால் தெம்பனிசின் தாழ்வாரங்களும் மின்தூக்கிகளும் வேறு கைக்கு மாறியிருக்கும், நடுவம் மாறியிருக்காது. இதை ஒருவர் நிலைத்தன்மை என்பார். இன்னொருவர் வாக்குக்கு எட்டாத இடம் என்பார். சேவையைப் பயன்படுத்துபவனாக முதலாமவரோடு நிற்கிறேன்: தேர்தல் முடிவைப் பொறுத்து நூலகத்தின் கதவு ஆடக் கூடாது. வாக்காளனாக இரண்டாமவர் கேட்பதும் எனக்குக் கேட்கிறது. ஊரின் மிக விலையுயர்ந்த பொதுச்சொத்தின் நிர்வாகத்தில் ஊராரின் வாக்கு நேரடியாக எதையும் தீர்மானிப்பதில்லை.

அந்த 15,000 பேரின் கருத்துகளை இங்கேதான் நினைவுகூர வேண்டும். என்ன வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டவற்றில் பல கட்டடத்தில் இருக்கின்றன. மற்ற நாடுகளில் கருத்துக்கேட்பு என்ற பெயரில் நடக்கும் சடங்குகளைப் பார்க்கும்போது இது உண்மையான கேட்பு. ஆனால் எவ்வளவு செலவிடலாம், எதை விட்டுக்கொடுத்து எதை வைத்துக்கொள்ளலாம் என்பதைக் குவினெட் வாக்காளரிடம் கேட்பதுபோல் தெம்பனிஸ் வாக்காளரிடம் யாரும் கேட்கவில்லை. குவினெட்டில் கேட்டுக் கேட்டு ரயிலே வரவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தயங்காமல் தெம்பனிசைத் தேர்வேன். கருத்துக் கேட்பது ஒருமுறை நடந்து முடிந்த காரியமாக இல்லாமல், வாடகைக் கடைகள், நிகழ்ச்சிகள், திறவுநேரங்கள் ஆகியவற்றைப் பற்றி ஆண்டுதோறும் கணக்குக் காட்டிக் கேட்கும் வழக்கமாக மாறினால் இந்த மதிப்பீட்டில் இன்னும் அதிக மதிப்பெண் தருவேன். என் சித்தப்பா மகனோ, ரயில் நிலையத்திலிருந்து நடந்துவந்த களைப்புக்கூட இல்லாமல், “எங்க ஊர்ல ஓட்டாவது இருக்குண்ணே” என்றார். விட்டுக்கொடுக்கவில்லை.

அவரை உண்மையில் வியக்கவைத்தது சீமெய்தான். நிலப் பயன்பாட்டுத் திட்டப்படி சீமெய் தெம்பனிஸ் வட்டாரத்தைச் சேர்ந்தது. தேர்தலிலோ அது ஈஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதியில் வாக்களித்து வந்திருக்கிறது. ஆக, சீமெய்வாசியின் தாழ்வாரத்தைக் கூட்டும் மன்றம் வேறு, அவர் குழந்தையை நீச்சலுக்கு அழைத்துவரும் நடுவம் இருக்கும் தொகுதி வேறு. நடுவத்தின் எந்த முகப்பிலும் யாரும் அதைக் கேட்பதில்லை. பாசிர் ரிஸ்ஸிலிருந்தும் பிடோக்கிலிருந்தும் வருவோர் நிலையும் அதுவே. தொகுதி எல்லைகள் ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் மாறுகின்றன. 2025இல் தெம்பனிஸ் சங்காட் தனித்தொகுதியாகப் பிரிந்தது. பேட்டைக்காரர்களின் நீச்சல் நேரம் மாறவில்லை.

உணவங்காடியும் கடைகளும் இயல்பான தரத்தில் இருக்கின்றன. அவற்றுக்காக மட்டும் தீவின் மறுகோடியிலிருந்து வரத் தேவையில்லை. கலையரங்கில் தமிழ் நிகழ்ச்சிகள் நடக்கும்போது இருக்கைகளின் அளவு நம் நாடகக் குழுக்களுக்குப் பொருத்தமானது. பெரிய அரங்கில் பாதி காலியாக ஆடுவதைவிட இங்கே நிறைந்த அரங்கில் ஆடுவது மேல்.

அட்மிரல்ட்டியில் முதியோர் குடியிருப்பையும் மருத்துவத்தையும் உணவங்காடியையும் அடுக்கிவைத்த கம்போங் அட்மிரல்ட்டி, பொங்கோலில் 2022இல் செயல்படத் தொடங்கிய ஒன் பொங்கோல், பிடோக்கின் ஹார்ட்பீட் ஆகியவை இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. மூத்தோருக்கு ஏற்ற இடம் என்று பார்த்தால் கம்போங் அட்மிரல்ட்டியே என் முதல் தெரிவு. அது சிறியது, நடக்க வேண்டிய தூரம் குறைவு. குடும்பத்தின் மூன்று தலைமுறையும் ஒரே பிற்பகலில் மூன்று வெவ்வேறு வேலைகளுக்குப் பிரிந்துபோய் மறுபடி கூட வேண்டுமென்றால் தெம்பனிஸை மிஞ்ச ஒன்றில்லை.

சேவை முகப்பில் வேலை உள்ளவர்கள் வாரநாள் காலையில் போவது நல்லது. புறப்படுமுன் தங்கள் வேலைக்கு முன்பதிவு தேவையா என்று இணையத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். வார இறுதியில் உணவங்காடியில் மேசை பிடிப்பதற்கு ஒருவரை முன்னே அனுப்பிவிடுங்கள். தெம்பனிஸ் ரோவர்ஸ் குழுவின் ஆட்டம் இருக்கும் மாலைகளில் அமைதியாகப் படிக்க எண்ணி நூலகத்திற்குப் போகாதீர்கள். ஆட்டத்தைப் பார்க்கவே போங்கள்.